அறுபது கிராம் பின் லைட்டு

1. வேட்டை டார்ச்

குமரன் சார் என் சைக்கிள் கடைக்கு வந்த முதல் நாளே அவரைக் கிண்டல் செய்துவிட்டேன். ஆலங்காயத்தில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். நாற்பது வயதுக்கு மேல் கியர் சைக்கிள் வாங்கியவர். ஜவ்வாது மலைமேல் சைக்கிளில் ஏறி, ஜமுனாமரத்தூர் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள் இறங்க வேண்டும் என்று ஆசை. பையைத் திறந்து காட்டினார். முழங்கை நீளத்துக்கு ஒரு டார்ச், செங்கல் மாதிரி ஒரு பவர் பேங்க், தொங்கவிடும் லாந்தர் ஒன்று.

"இன்னா சார் இது, முயல் வேட்டைக்குப் போறீங்களா?"

"மேல ஒரே இருட்டா இருக்குமாமே பாய்."

"இருட்டாத்தான் கீது. அதுக்காக கரண்டு ஆபீஸையே தூக்கினு போவீங்களா?"

மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்ப எது வேணும்னு சொல்லுங்க" என்றார். எனக்கு அதுதான் அவரிடம் பிடித்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு அன்று அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். ஒரு ராத்திரி தங்குவதற்கு நெற்றியில் கட்டுகிற ஹெட்லேம்ப் ஒன்று போதும். எண்பது கிராமுக்குள் கிடைக்கும். இரண்டு கையும் சும்மா இருக்கும், கூடாரம் கட்டலாம், சமைக்கலாம். டப்பாவில் வெளிச்ச அளவு ஆயிரம் லூமென், ரெண்டாயிரம் லூமென் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். குறைந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று பாருங்கள். செல்போன் சார்ஜரிலேயே ஏறுகிற மாதிரி வாங்குங்கள், வயர் ஒன்று மிச்சம். லாந்தர் தேவையே இல்லை. தண்ணீர் பாட்டிலைச் சுற்றி ஹெட்லேம்பை உள்பக்கம் திருப்பிக் கட்டினால் கூடாரம் முழுக்க வெளிச்சம். மலைக்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் படுக்கும்போது சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியான பேச்சுதான். இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் இதில் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுகிற பின் லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பாருங்கள்.

2. தராசுப் போட்டி

என் கடை வாசலில் கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு ஒன்றைக் கட்டியிருந்தேன். வேலூர், வாணியம்பாடியிலிருந்து வருகிறவர்களும் சனிக்கிழமை காலை என் கடையில் கூடித்தான் மலையேறுவார்கள். கிளம்பும் முன் ஒவ்வொருவர் பையையும் தராசில் மாட்டுவேன். சைக்கிளில் இருந்து கழற்ற முடிகிற பம்ப், லைட்டு, பெல் எல்லாம் பைக்குள் போய்விட வேண்டும், அதுவும் கணக்கு. எவர் பை எடை குறைவோ அவருக்கு என் செலவில் டீயும் பிஸ்கட்டும், கூடவே ஒரு போட்டோ. விளையாட்டாக நான்தான் ஆரம்பித்தேன். போகப் போக அந்தக் குழுவுக்கு அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. டூத் பிரஷ் காம்பை உடைத்துப் போட்டுவிட்டு வந்தவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். என்னை "கிராம் பாய்" என்று கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

குமரன் சார் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. வேலூரில் பேங்கில் வேலை செய்யும் தினேஷ் எப்படியோ முந்திவிடுவார். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இருவருக்கும் நாற்பது கிராம்தான் வித்தியாசம். சார் பையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் ஜெயிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

பைக்குள் கையை விட்டுப் பின் லைட்டை எடுத்தேன். சிவப்பாக மின்னுகிற சின்ன லைட்டு, அறுபது கிராம்.

"பகல்ல ஏறி பகல்ல எறங்கப் போறீங்க. இது இன்னாத்துக்கு சார்?"

"காலைல பனி இருக்குமே பாய்."

நான் சிரித்தேன். "பத்து மணிக்கு மேல எறங்குங்க சார். பனி ஓடிப் பூடும்."

அவரும் சிரித்துவிட்டார். லைட்டு என் மேஜை டிராயருக்குள் போனது. சார் இருபது கிராமில் ஜெயித்தார். டீ கிளாஸைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார். தினேஷ்கூடக் கை தட்டினார்.

3. ஞாயிற்றுக்கிழமை

சார் பத்து மணி வரைக்கும் இருக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம், ஒன்பது மணிக்கு வீட்டில் இருக்கிறேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். மற்றவர்கள் கூடாரம் பிரிப்பதற்குள், ஆறரைக்கே தனியாகக் கிளம்பிவிட்டார். பத்தடி தூரம் தெரியாத பனி. கொண்டை ஊசி வளைவு ஒன்றில், சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்த மினிவேன் பின்னால் இருந்து வந்து இடித்துவிட்டது.

எட்டு மணிக்கு தினேஷ் போன் செய்தார். நான் போய்ச் சேரும்போது சாரை வேறு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். உயிர் அங்கேயே போய்விட்டது. மினிவேன் டிரைவர் ரோட்டு ஓரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி ஆளு கீறதே தெரியலங்க. சின்னதா ஒரு லைட்டு பின்னாடி இருந்திருந்தாக்கூட பிரேக்க மிதிச்சிருப்பேங்க."

சார் நெற்றியில் ஹெட்லேம்ப் கட்டிக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார். நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த லைட்டு. அது ரோட்டில் கிடந்து இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை, தினேஷ்தான் அணைத்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

4. மென்று முழுங்கியது

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். சாரின் மனைவி மலர்விழி மருந்துக் கடையில் வேலை செய்பவர், எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர். என்னைப் பார்த்ததும் உடைந்து அழுதார்.

"எல்லாத்தையும் மறந்துடுவாரு பாய். சாவிய மறப்பாரு, கண்ணாடிய மறப்பாரு. ஒரு லைட்ட மாட்ட மறந்து என்னை இப்படி வுட்டுட்டுப் போய்ட்டாரே."

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வீடு நிறைய ஆட்கள், அவர் மகள் வேறு பக்கத்தில் நிற்கிறாள், இந்த நேரத்தில் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு பயம். ஊரெல்லாம் லைட்டைப் பற்றி உபதேசம் செய்த வாய், அன்று மென்று முழுங்கிவிட்டுத் திரும்பி வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் வேலை செய்யும் கடை இருக்கிற தெருவிலேயே நடப்பதை நிறுத்தினேன். சர்க்கரை மாத்திரையைக்கூட வாணியம்பாடி போய் வாங்கினேன்.

தினேஷும் மற்றவர்களும்கூட வாயைத் திறக்கவில்லை, இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

5. மலர்விழி வந்தது

ஒரு நாள் மத்தியானம் லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் சாரின் சைக்கிள், பின் சக்கரம் மடங்கிக் கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனில் இருந்து மலர்விழி அதை மீட்டு வந்திருக்கிறார்.

"நீங்களே வெச்சிக்கோங்க பாய். வூட்ல வெச்சிக்க முடியாது. இதப் பாத்தா அவரத் திட்டத்தான் வருது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டிராயரைத் திறந்து அந்த லைட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். தராசு, டீ, நாற்பது கிராம், எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா லைட்டைத் தொடவில்லை.

"அவரு இன்னா சொன்னாரு?"

"பனி இருக்குமேன்னு சொன்னாரும்மா. நான்தான் சிரிச்சேன்."

கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப அவரு மறக்கல."

"இல்லம்மா."

"ரெண்டு மாசமா தெனமும் காலைல அவரு போட்டோ முன்னாடி நின்னு திட்றேன் பாய். என் பொண்ணுகிட்ட, 'ஒங்கப்பா மாதிரி மறதியா இருக்காதே, செத்துப்போவே'ன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவ இப்ப பள்ளிக்கூடம் போறப்ப பைய நாலு தபா தொறந்து தொறந்து பாக்கறா." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். "லைட்ட எடுத்தீங்க, சரி, வெளையாட்டா பண்ணீங்க. வூட்டுக்கு வந்தீங்களே அன்னிக்கு, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

மன்னிப்புக் கேட்டேன். கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் மகள் டீ போட எழுந்தாள், அந்த அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பொண்ணு வர்ற நேரம். அவகிட்ட சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து போனார்.

பின் லைட்டு இல்லாமல் எந்த சைக்கிளையும் மலைக்கு அனுப்பாதீர்கள், பகலோ பனியோ, அது பிரேக் மாதிரி, எடைக் கணக்கில் வராது. அது தொழில் பாடம், யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். என் பாடம் வேறு. தப்பு நடந்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் இருந்த இரண்டு மாதமும் என் பழியைச் செத்துப்போன மனுஷர்தான் வாங்கிக்கொண்டிருந்தார், அதுவும் சொந்த வீட்டில்.