தெற்கு மூலை நீங்கலாக

கரமனையில் நாங்கள் வாங்கிய வீட்டின் பத்திரத்தில் 'தெற்கு மூலை நீங்கலாக' என்று ஒரு வரி இருக்கிறது. பத்திரம் மலையாளத்தில் இருப்பதால் எனக்குச் சரளமாக வாசிக்க வராது. ஆனாலும் அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டால் சட்டென்று விரல் வைத்துக் காட்டுவேன். அதை எழுதச் சொன்னவன் நான்.

நான் துணி தேய்க்கிறவன். ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு திருநெல்வேலிப் பக்கமிருந்து மாமாவுடன் திருவனந்தபுரம் வந்தேன். அன்றிலிருந்து தள்ளுவண்டி, இஸ்திரிப் பெட்டி, சிரட்டைக் கரி. வாய் திறந்தால் எண்ணிக்கைதான் வரும். "சட்டை நாலு, பேன்ட் ரெண்டு, சேலை ஒண்ணு." அதற்கு மேல் யாராவது பேச்சுக் கொடுத்தால் குனிந்து துணியைப் பார்த்துக்கொள்வேன். நாற்காலியில் உட்காரச் சொன்னால் இன்னும் கூச்சமாகிவிடும். விலை பேசுவது, வாடகை வீட்டுக்காரரிடம் தவணை கேட்பது எல்லாம் மனைவி பொறுப்பு. அவள் பக்கத்துக் குடியிருப்பில் சமையல் வேலைக்குப் போகிறாள். அவளுக்கு யாரிடமும் கூச்சம் கிடையாது.

வீடு வாங்கும் எண்ணம் வந்தது வண்டியால்தான். சாலையை அகலப்படுத்துவதாகச் சொல்லி, ஓரத்தில் நிற்கிற வண்டிகளை எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு இந்த மரத்தடி, நாளைக்கு அந்த மதில் ஓரம் என்று மாறினால் துணி கொடுக்கிறவர்கள் எங்கே வந்து தேடுவார்கள்? எங்களுக்குக் குடியிருக்கவும் வேண்டும், தேய்ப்பு மேசை போடவும் வேண்டும். அப்போதுதான் அந்த வீடு கண்ணில் பட்டது. சின்ன ஓட்டு வீடு. தெற்குப் பார்த்த வாசல், அந்தப் பக்கமே தெரு. கேட்டுக்குப் பக்கத்தில், தெருவை ஒட்டிய மூலையில் புல்லும் காட்டுச்சேம்பும் மண்டிக் கிடந்தது. அதன் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் மேடை. துளசி மாடத்தை இங்கே துளசித் தறை என்பார்கள். அதுதான், செடி காய்ந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். பார்த்த உடனே மனதுக்குள் தகரக் கொட்டகையே போட்டுவிட்டேன். மேசை இங்கே, கரிச்சாக்கு அங்கே.

வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்து திரும்பியவர். கழக்கூட்டத்தில் மகனோடு அடுக்குமாடியில் இருந்தார். பேசுவதில் பிரியம் உள்ளவர். அவர் பேச, என் மனைவி பேச, முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதினோம். மீதிக்கு வங்கிக் கடன்.

கடன் அங்கேதான் நின்றது. வங்கியின் வக்கீல் பழைய பாகப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "வீடு தம்பிக்கு, வேறொரு நிலம் அக்காவுக்கு. சரி. ஆனால் தெக்கது ரெண்டு பேருக்கும் பொதுன்னு எழுதியிருக்கு. எவ்வளவு இடம்னு அளவே இல்லை. அக்கா கையெழுத்து இல்லாமல் இது நடக்காது."

தெக்கது என்றால் தெற்கே இருப்பது. இந்த ஊர்ப் பழைய வீடுகளில் இறந்துபோன முன்னோர்களுக்காக ஒரு கல் வைத்து, அந்தியில் விளக்கு ஏற்றுகிற இடம். நான் துளசித் தறை என்று நினைத்தது அதைத்தான்.

வீட்டுக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தந்திரியை வைத்துப் பூஜை செய்து கல்லைக் கோயிலுக்கு மாற்றிவிடலாம், அக்கா சம்மதிப்பாள் என்றார். அக்கா சம்மதிக்கவில்லை. ஓணம் போனது, சபரிமலை சீசன் போனது, ஒப்பந்தத்தின் காலமும் முடிந்தது. இதற்கிடையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், மகள் கல்யாணத்துக்கு வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் கழக்கூட்டத்திலிருந்து போன் வந்தது. இப்போது அந்தப் பகுதியில் விலை ஏறிவிட்டதாம். கூட்டிக் கொடுத்தால் காத்திருப்பாராம், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமாம்.

"தாமசம் அவங்களால, விலை நமக்கா ஏறும்?" என்று மனைவி போனை வைத்துவிட்டுக் கத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் சேலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

கர்க்கடக வாவு, நம்மூர் ஆடி அமாவாசை, அன்று காலையில் நல்ல மழை. அந்த வீட்டு ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனேன். கேட் திறந்து கிடந்தது. மூலையில் புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு பெண் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு விளக்குத் திரியை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈர முண்டும், மேலே போட்ட நேரியதும். திருவல்லத்தில் முன்னோர்களுக்குப் பிண்டம் வைத்துப் பலியிட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"யாரு? தேங்கா பறிச்சுப் போட வந்ததா?"

"இல்ல சேச்சி. வீடு வாங்க வந்தது."

அவர் நிமிர்ந்தார். "ஓ, அந்த அண்ணாச்சி நீதானா? கல்லைப் பறிச்சு எறிஞ்சிட்டு கடை கட்டப் போறவன்?"

"கல்லுன்னே தெரியாது சேச்சி. துளசித் தறைன்னு நெனச்சேன்."

"துளசி எங்கடே இருக்கு இதுல?"

"காஞ்சு போச்சுன்னு நெனச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தீக்குச்சி அணைந்தது. நான் போய் குடையைப் பிடித்தேன். வேலை முழுக்க நெருப்போடு என்பதால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்கத் தெரியும். விளக்கு எரிந்தது.

"அம்மா, மாமன்மார் எல்லாரும் இங்கேதான்," என்றார். "தம்பி அவன் வீட்டை விக்கட்டும். எனக்கு உள்ளதையும் சேர்த்து விக்கறதுக்கு அவன் யாரு? விலை பேசி முடிச்சப்புறம்தான் எங்கிட்டச் சொல்றான். நீ வாங்கினா இதை எடுத்துருவியா?"

"எடுக்க மாட்டேன் சேச்சி."

யோசிக்காமல் வந்த பதில். எங்கள் ஊரில் சுடலைமாடன் பீடம் நிற்கிற இடத்தை யாரும் விலைக்குக் கேட்க மாட்டார்கள். அதனால் அப்படிச் சொல்லிவிட்டேன். கேட்டைத் தாண்டி நடக்கும்போதுதான் என் கொட்டகையை நானே பிரித்துப் போட்டுவிட்டேன் என்று உறைத்தது. தெருவை ஒட்டி வேறு இடம் இல்லை. மேசை போட முடியாத வீட்டை நான் வாங்கி என்ன செய்ய?

அன்று முழுவதும் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். தேய்ப்பு வேலை யோசிக்க நல்ல வேலை. கை தன் பாட்டுக்குப் போகும். சாயங்காலத்துக்குள் எனக்கு மூன்று விஷயம் தெளிவாகிவிட்டது. வேறு யார் வந்தாலும் அந்த அக்காவின் கையெழுத்து வேண்டும். அது எனக்குக் கிடைக்கும். அப்புறம், அந்த வீட்டு முன்னறையின் ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன். "நீ பேசு," என்றாள். "நான் பேசினா விலையில போய் நின்னுருவேன். இது உங்க யோசனை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வராந்தாவில் நாலு பேரும் கூடினோம். சேச்சியை வரச் சொல்லி அழைத்தது நான்தான். போனில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வழக்கம்போல ஆரம்பித்தார். இந்தப் பக்கம் விலை எங்கே போய்விட்டது, பாலம் வரப்போகிறது, மகனுக்குத் தெரிந்த ஒருவர் ரொக்கமாகவே கொடுக்கத் தயாராம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இடையில் பேச எனக்கு வராது. அவர் ஒரு தடவை நிறுத்தினார், நான் பேசவில்லை. மறுபடி பேசினார், நிறுத்தினார். கடைசியில், "அண்ணாச்சி எதாவது சொல்லப்பா, சுவரோட பேசற மாதிரி இருக்கு," என்றார்.

"அந்த ரொக்கக்காரரும் பத்திரம் பார்ப்பாரில்ல சேட்டா?" என்றேன். "சேச்சி கையெழுத்து அவருக்கும் வேணும்."

"நான் போட மாட்டேன்," என்றார் சேச்சி, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

"அண்ணாச்சிக்கு மட்டும் போடுவியா?"

"அவன் சொல்லட்டும், கேக்கலாம்."

நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். சரியாக உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டேன். "தெக்கது எனக்கு வேண்டாம். அதை அளந்து நீக்கிட்டு மீதியை எழுதுங்க. கேட்டிலிருந்து அதுக்குப் போக வழியும் எழுதிருங்க. சேச்சி எப்ப வந்தாலும் வரலாம். விலை பழைய விலைதான். அந்த மூலைக்கு உள்ள பங்கைக் கழிச்சுக்கணும்."

"ரோட்டு முகப்புக்குத்தான் அப்பா வெலையே! அதோட பங்கைக் கழிச்சா எனக்கு என்ன மிஞ்சும்?" என்றார் வீட்டுக்காரர். "கூட்ட மாட்டேன். கழிக்கவும் மாட்டேன்."

மனைவி வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டினேன். எனக்கே ஆச்சரியம், அவள் நிறுத்திவிட்டாள்.

"அப்ப அளக்கிற செலவும் பத்திரம் எழுதற செலவும் உங்களுது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. அது போகட்டும்."

"சாவி இன்னைக்கே வேணும். பத்திரம் பதியும் வரைக்கும் வாடகை இல்லாம நாங்க இருப்போம். இந்தத் தாமசம் எங்களால வந்ததில்ல."

"சரி."

"முன்னறை ஜன்னலை இடிச்சுப் பெரிசாக்கணும். மேசை போடறதுக்கு."

"பத்திரம் பதியறதுக்கு முன்னாடியேவா?" அவர் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்காத வீட்டையாடே இடிப்பாங்க?"

"இடிக்கிற செலவு என்னுது. பதிவு நடக்காமப் போனா பழையபடி கட்டித் தர்ற செலவும் என்னுது. அதையும் எழுதிக்கோங்க சேட்டா. எனக்கு இந்த மாசமே தொழில் நடக்கணும்."

வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். "கேட்டியா? ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்க."

"நீ என்னைச் சேர்க்கல. இந்தப் பாண்டிக்காரன் சேர்த்தான்," என்றார் சேச்சி. பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்கும் ஒண்ணு இருக்கு. அந்தியில விளக்கு யாரு வைப்பா? நான் நெடுமங்காட்டுல இருந்து தினம் வர முடியாது."

சரி என்று சொல்லிவிடுவது எளிது. "வைப்போம் சேச்சி," என்றேன். "ஆனா இவ வேலை முடிஞ்சு வர நேரமாகும், என் கையில கரி இருக்கும். ஒரு நாள் விட்டுப்போனா வந்து சண்டை போடக் கூடாது."

"மூணு நாள் விட்டா வருவேன்."

"மூணு நாள் விட்டா நானே போன் பண்ணுவேன்."

சேச்சி கையெழுத்துப் போடச் சம்மதித்தார். எங்கிருந்து எதுவரை தெக்கது என்று அவரே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து காட்டினார். கொஞ்சம் தாராளமாகத்தான் நடந்தார். நான் அதைப் பேசவில்லை.

அந்த வாரமே குடிவந்தோம். ஜன்னலை இடிக்கக் கொத்தனார் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். "பத்திரம் ஆச்சா?" என்று ஒருவர் கேட்டார். "ஆகும்," என்றேன். அன்று எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. புதிய ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. அக்காவும் தம்பியும் எங்கள் வராந்தாவில் ஒரே தட்டிலிருந்து பழப்பஜ்ஜி எடுத்துத் தின்றதை நான் பார்த்திருந்தேன். இடம் அளந்து, அக்கா கையெழுத்துப் போட்டு, வங்கிக் கடன் வந்து, மழை விடுவதற்குள் பதிவும் முடிந்தது.

இப்போது அந்த அகலமான ஜன்னலுக்குப் பின்னால் நின்றுதான் தேய்க்கிறேன். துணி கொண்டுவருகிறவர்கள் தெக்கதை ஒட்டித்தான் நடந்து வர வேண்டும். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார்கள். நான் சொன்னதில்லை. துணி அதிகம் சேருகிற நாட்களில் விளக்கு வைப்பது மறந்துபோகும், மனைவி வந்து திட்டிவிட்டு வைப்பாள். மூன்று நாள் இதுவரை விட்டதில்லை.

அடுத்த வருஷத்து வாவுக்குச் சேச்சி வந்தார். பஸ்ஸில் கசங்கிய ஒரு நேரியதைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். கரையைப் பிடித்து மடிப்பு விழாமல் தேய்த்துக் கொடுத்தேன். "எத்தனை ரூபா?" என்று கேட்டார். வழக்கமான கூலியைச் சொன்னேன். சேச்சியிடம் காசு வாங்குவதா என்று பின்னாலிருந்து மனைவி என் முதுகில் இடித்தாள். சேச்சி எண்ணிக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

நேரியதைப் போட்டுக்கொண்டு ஜன்னலை மேலும் கீழும் பார்த்தார். "எங்க அம்மா இருந்திருந்தா இந்தச் சுவரை இடிக்க விட்டிருக்க மாட்டா."

"அவங்ககிட்டயும் பேசியிருப்பேன் சேச்சி."

"பேசியிருப்படே, பேசியிருப்ப," என்று சிரித்தார். குடையை விரித்துக்கொண்டு மூலைக்குத் திரும்பினார். நான் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்த விளக்கெண்ணெய்க் குப்பியை, தெக்கது விளக்குக்காக எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.