முட்டிக்குள்ளே ஒரு சும்மாடு

எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஆயா வேலை என்றதும் ஊசி, மருந்து என்று நினைத்துவிடாதீங்க; முக்கால்வாசி நேரம் அடுத்தவங்க முட்டியைப் பார்ப்பதுதான். ஏறினால் மேடு, இறங்கினால் சரிவு என்று கிடக்கும் தேவாலா பக்கத்துத் தேயிலை எஸ்டேட் இது. படியிறங்கும்போது "முருகா" என்று சுவரைப் பிடிக்கிறவரா நீங்க? அப்ப நீங்களும் நம்ம கட்சிதான், இப்படி உட்காருங்க.

சும்மாடு கிழிந்தது

ராசாத்தி எனக்குப் பக்கத்து ஊடு. கொழுந்து மூட்டையோடு சரிவில் இறங்கும்போது பாதம் சேற்றில் பதிந்து நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டி வீங்கி, பாதி மடக்கினால் பூட்டுப் போட்டது போல நின்றது. கூடலூரிலிருந்து வாரம் ஒரு தரம் வரும் டாக்டர் அமுக்கிப் பார்த்தார். தொடை எலும்புக்கும் கெண்டைக்கால் எலும்புக்கும் நடுவே பிறை மாதிரி இரண்டு மெத்தை இருக்காம். அதில் ஒன்று கிழிந்துவிட்டதாம். ராசாத்தி முழித்தாள். "தலைக்கும் மூட்டைக்கும் நடுவுல சும்மாடு வைக்கிறமல்ல, அது மாதிரி" என்றேன்.

மழைக்காலம் முடிகிற வரைக்கும் மேடு ஏறவே கூடாது என்றார் டாக்டர். அங்கேதான் இடித்தது. தேயிலை விலை விழுந்து, பக்கத்து எஸ்டேட்டைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் மேனேஜர், துரை என்றுதான் கூப்பிடுவோம், மேடு ஏற முடியாதவர்களை நிறுத்தப் போவதாகச் சொல்லியிருந்தார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் ஊடும் போய்விடும். ராசாத்தி லீவே வேண்டாம் என்று எழுந்துகொண்டு டாக்டரைக் கேட்டாள்: "தலைச் சும்மாடு கிழிஞ்சா பழஞ்சேலைய சுத்திக்குவேன். இதுக்கு எந்தத் துணிங்க சுத்தறது?"

கட்டுக்குள் விருந்தாளி

கட்டுப் போட்டு, மேலே கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றி மறைத்து அனுப்பினேன். மழை விடாமல் பெய்த ஒருநாள், முட்டி இன்னும் பெருத்துவிட்டது என்று வந்தாள். பயந்துபோய் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே கட்டை அவிழ்த்தேன். உள்ளேயிருந்து ரத்தம் குடித்துக் கொழுகொழுவென்று ஒரு அட்டை பொத்தென்று விழுந்தது. வீக்கம் பழைய வீக்கம்தான். அட்டையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ராசாத்தி சொன்னாள்: "அக்கா, இந்த எஸ்டேட்டுல இப்ப வயிறு நெறஞ்சிருக்கறது இவன் ஒருத்தனுக்குத்தான்."

எல்லாரும் நொண்டி

அவள் நொண்டுவது வேலை வாங்குகிற மேஸ்திரி கண்ணில் பட்டால் துரை காதுக்குப் போய்விடுமே. கூடப் பறிக்கிற பெண்கள் யோசனை செய்தார்கள். எல்லாரும் நொண்டினால் யார் நிஜ நொண்டி என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் எடை போட வந்த வரிசை முழுக்க நொண்டி. ஒருத்தி வலது கால், ஒருத்தி இடது கால், ஒருத்தி பேச்சு சுவாரஸ்யத்தில் காலையே மாற்றிவிட்டாள்.

மேஸ்திரி தராசைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். துரை பக்கத்தில் இல்லை என்று தெரிந்த பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏனுங்கம்மா, நொண்டறதுன்னு முடிவு பண்ணிட்டா ஒரே கால்ல நொண்டுங்க. பாக்கறவன் நம்போணுமல்ல?"

குறுக்குக் கயிறு

துரையின் ஜீப் டிரைவர் செல்வம் வாலிபால் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை எம்பி அடித்துவிட்டுக் கோணலாக இறங்கினான். முட்டிக்குள் 'டப்' என்று சத்தம். காலை ஊன்றினால் முட்டி தன்பாட்டுக்கு நழுவுகிறது. விறகுக் கட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போடுவோமே, அது போல முட்டிக்குள்ளும் இரண்டு நார் பின்னியிருக்கும், அதில் முன்னால் இருப்பது அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். நான் ஐஸ் வைக்கும்போது செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "கயிறு போனா போகுதுங்கம்மா, பாயிண்டு எங்களுக்குத்தான்."

பெஞ்சில் இருவர்

டிரைவர் படுத்துவிட்டதால் துரை நடந்தே தேயிலைக் காடு பார்க்கப் போனார். பளபள பூட்ஸ், ஈரச் செம்மண். கால் வெளிப்பக்கம் வழுக்க, முட்டியின் உள்பக்க நார் இழுத்துக்கொண்டுவிட்டது. அன்றைக்கு டாக்டர் வருகிற நாள்; நாலு பேர் தூக்கிவந்து டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெஞ்சின் மறுகோடியில் கட்டு மாற்ற வந்த ராசாத்தி. எழுந்து ஓடவும் முடியவில்லை, முட்டி பூட்டிக்கொண்டது.

மழைக்காலம் முடிகிற வரைக்கும் மேடு ஏறக் கூடாது என்று துரைக்கும் அதே உத்தரவைப் போட்டார் டாக்டர். ராசாத்திக்கு முகமே வாடிவிட்டது. கிண்டல் தெரியாதவள் அவள். "ஐயோ துரை, அப்ப உங்களையும் நிறுத்திருவாங்களா? பங்களாவை விட்டுட்டு எங்கெ போவீங்க?" என்றாள். டாக்டருக்கு இருமல் வந்துவிட்டது. நான் ஐஸ் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

துரை தன் முட்டியைப் பார்த்தார், அவள் முட்டியைப் பார்த்தார். பிறகு, "நாளையிலிருந்து நாற்றுப் பண்ணைக்குப் போ. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய். மத்தவங்களை நிறுத்தற விஷயமெல்லாம் நான் மறுபடி மேடு ஏறின பிறகு பார்த்துக்கலாம்" என்றார்.

துரை முட்டி குணமாகணும் என்று தினமும் விளக்கேற்றி மனசாரத்தான் வேண்டிக்கொள்கிறேன், தேயிலை விலை ஏறுவதற்கு முந்தியே ஆகணும் என்று மட்டும் முருகனை அவசரப்படுத்துவதில்லை.