டிரைவர் பேச மாட்டார், கண்டக்டர் பேசுவார்

இன்று என் பெயரில் மூன்று அச்சு இயந்திரங்கள் ஓடுகின்றன. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதிதான் உள்ளே, மீதிப் பாதி வகுப்புக்கு வெளியே முட்டி போட்ட கணக்கு. ஆனால் நான் எழுதப்போவது என்னைப் பற்றி அல்ல, பூட்டு அண்ணனைப் பற்றி. அவரைப் பற்றி அவர் வாயால் ஒரு சொல் வராது. ஆகவே அந்த வேலையும் என் தலையில்தான்.

நாங்கள் இருவரும் ஒரு படக்கதைப் பத்திரிகையில் வேலை செய்தோம். அவர் ஓவியர். நான் படங்களுக்குப் பேச்சு எழுதி ஒட்டுகிறவன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அச்சு எழுத்தே அதைப் பார்த்து வெட்கப்படும். அண்ணன் காலையில் வருவார், குடையை ஆணியில் மாட்டுவார், குனிவார். மாலையில் நிமிர்ந்து குடையை எடுப்பார். நடுவில் ஒரு வார்த்தை விழுந்தால் அன்றைக்கு மழை நிச்சயம் என்று பைண்டிங் பெண்கள் சிரிப்பார்கள். பூட்டு என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

அதற்கு முன் அவர் ஒரு கடையில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் முதலாளி கூப்பிட்டதும் அதை விட்டுவிட்டு வந்தார். அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. வீட்டில் ஒரு குழந்தை, இன்னொன்று வரப்போகிறது. திரும்பிப் போக வழி இல்லாத மனிதர்.

அவர் வரைந்த கதையில் நாயகன் ஒரு பஸ் டிரைவர். மலைப்பாதையில் பஸ் ஓட்டுவார், தலைக்கு மேல் உள்ள கண்ணாடியில் பின்னால் இருப்பவர்களைப் பார்த்தே திருடனைக் கண்டுபிடித்துவிடுவார். ஐந்து இதழ் வந்தாயிற்று, ஒரு வார்த்தை பேசவில்லை. வாசகர் கடிதங்கள் குவிந்தன. 'டிரைவருக்குப் பல்வலியா?' என்று ஒருவர். 'இவர் திருடனைப் பிடிக்கிறாரா, கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறாரா?' என்று இன்னொருவர்.

முதலாளி கடிதக் கட்டை மேசையில் போட்டார். "ஓவியரே, இந்த இதழ்ல உங்க டிரைவர் வாயைத் திறந்தாகணும். இல்லேன்னா கதையும் வேணாம், நீங்களும் வேணாம்."

"பேச மாட்டார்" என்றார் அண்ணன். குடையை எடுத்தார், போய்விட்டார். அப்போது மணி காலை பதினொன்று!

மறுநாள் காலையில் பக்கங்கள் அச்சுக்குப் போயாக வேண்டும். முதலாளி வசனங்களைத் தாமே ஒரு தாளில் கிறுக்கி என்னிடம் தந்தார். 'அசையாதே! சுட்டுவிடுவேன்!' பஸ் டிரைவரிடம் துப்பாக்கி ஏது? அதைக் கேட்டால் என் வேலையும் போகும். வெள்ளைத் தாளில் எழுதி, வட்டமாக வெட்டினேன். அதை பலூன் என்போம். அதற்கு ஒரு வால் இருக்கும். வால் யார் வாயைத் தொடுகிறதோ, பேச்சு அவருடையது.

முதல் பலூனை டிரைவர் வாயருகே ஒட்டிப் பார்த்தேன். குதிரைக்குக் கொம்பு வைத்ததுபோல் இருந்தது. அந்த இறுகிய உதட்டிலிருந்து எந்தச் சொல்லும் வராது என்று எனக்கே தெரிந்தது. படித்தவன் என்றால் முதலாளி சொன்னபடி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

பசை காய்வதற்குள் பிய்த்தேன். பஸ்ஸின் பின்மூலையில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்டக்டர், பையோடு, சும்மா நின்றுகொண்டிருந்தார். ஐந்து இதழாக அவரை யாரும் சீந்தவில்லை. புது பலூன்கள் வெட்டி, எல்லா வாலையும் அவர் பக்கம் திருப்பினேன். முதலாளியின் வசனம் குப்பைக்குப் போனது.

'யாரும் சத்தம் போடாதீங்க! எங்க டிரைவர் இடது புருவத்தைத் தூக்கிட்டார். போன தடவை தூக்கினப்போ அடுத்த வளைவுல பாறை கிடந்துச்சு!'

ஏழாவது கட்டத்தில் இப்படி எழுதினேன்: 'ஏன் பேச மாட்டேங்கிறார்னா கேக்குறீங்க? முதுகுக்குப் பின்னாடி நாப்பது உசிர் உக்காந்திருக்கு. அவருக்குப் பேச நேரம் ஏது? பேசுறதுக்குத்தான் நான் இருக்கேனே!'

ஆனாலும் அவர் கைவேலை. கேட்காமல் அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை. அன்று மாலையே அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசல் விளக்கில் பக்கங்களைப் பிடித்துப் பார்த்தார். ஏழாவது கட்டத்தை மட்டும் இரண்டு தரம் படித்தார்.

"எங்கப்பாவை உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே அண்ணே. ஏன்?"

உள்ளே குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த அண்ணிதான் சொன்னார்: "மாமா முப்பது வருஷம் பஸ் ஓட்டினார் தம்பி. ஒரு கீறல் விழுந்ததில்ல. வீட்டுல நாற்காலியில உக்காந்தாலும் ஸ்டியரிங் பிடிச்ச மாதிரிதான் உக்காருவார். பேச்சா, மூச்! அவரைத்தான் இவர் வரைஞ்சிட்டிருக்கார். வாயைத் தொறந்து முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

முதலாளி படித்தார். முதல் பக்கத்தில் முறைத்தார், இரண்டாம் பக்கத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார். "இது நான் எழுதினது இல்லையே!" என்றார். பிறகு, "சரி, ஓவியருக்குச் சம்மதமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"சம்மதம்தான் முதலாளி" என்றேன். "கண்டக்டரைப் பெருசா வரையணுமாம். மாசம் நாலு பக்கம் கூடுதலா வேணும்ங்கிறார்."

"அவர் எப்பய்யா சொன்னார்?"

"புருவத்தைப் பாருங்க."

உண்மையிலேயே புருவம் ஏறித்தான் இருந்தது. ஆனால் அது என்னைப் பார்த்து ஏறியது. முதலாளிக்கு அது தெரியுமா? இரண்டு பக்கம் கொடுத்தார். கதை பதினோரு வருடம் ஓடியது. டிரைவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. கண்டக்டருக்குத்தான் கடிதம் வந்தது, அதில் கல்யாணத்துக்குக் கேட்டவை மூன்று.

அதெல்லாம் பிற்பாடு. அப்போது, அடுத்த இதழுக்கான பக்கங்களை அண்ணன் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கண்டக்டர் அரைப்பக்கத்துக்கு வளர்ந்திருந்தார். மூக்கு என் மூக்கு. முன்பல் சந்தும் என்னுடையதே. கடைசிக் கட்டத்தில் பஸ் போய்க்கொண்டிருக்கிறது. கண்டக்டரை இறக்கி விட்டாயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு புழுதியில் பின்னால் ஓடி வருகிறார். கண்ணாடியில் டிரைவரின் கண்கள் மட்டும் தெரிகின்றன, சிரிக்கின்றன. கண்டக்டர் தலைக்கு மேல் பெரிய வெற்று பலூன்.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் ஒன்றும் அறியாதவர்போல் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பேனாவை மையில் தோய்த்து எழுதினேன்: 'அண்ணே, நிறுத்துங்க! நான் ஏறலைன்னா அடுத்த ஸ்டாப்பு எதுன்னு யார் சொல்றது?'