அப்பா எழுதாத கட்டுரைகள்

என் சிநேகிதி மல்லிகா போன வாரம் வெளிநாட்டு மாநாடு ஒன்றில் தலைமை உரை ஆற்றிவிட்டுத் திரும்பினாள். அந்த அழைப்பு முதலில் வந்தது யாருக்குத் தெரியுமா? அவள் அப்பாவுக்கு.

மல்லிகா கொசு ஆராய்ச்சி செய்கிறவள். பக்கிங்ஹாம் கால்வாயைக் கடக்கும்போது நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அவள் அங்கேதான் கரண்டியும் கையுமாக நின்று கொசுப்புழு எடுப்பாள். அப்படி நின்று எழுதிய கட்டுரைகள் வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்தன. இப்போது அந்த இதழ்கள் இன்டர்நெட்டுக்கே வந்துவிட்டன.

சில மாதங்களுக்கு முன் மாநாட்டுக்காரர்களிடமிருந்து அவளுக்கு ஈமெயில்: நீங்கள் பத்து நிமிடம் பேசலாம். தலைமை உரைக்கு, இந்தத் துறையின் முன்னோடி டாக்டர் ராமலிங்கத்தை அழைத்துவர முடியுமா?

ராமலிங்கம்... தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பா. கொசுவோடு அவருக்குள்ள உறவு கொசுவர்த்திச் சுருளோடு சரி.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு முன் அவள் ஆர். மல்லிகா. இதழ்க்காரர்கள் ஆன்லைனில் பட்டியல் போட்டபோது, ஒவ்வொரு கட்டுரைக்கும் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பாவை அதில் உட்கார வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு எழுதியவை மல்லிகா செல்வம் பெயரில். ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்கு ராமலிங்கமும் மல்லிகா செல்வமும் இரண்டு தனி ஆட்கள்!

அவள் வேலை செய்யும் ஆய்வு நிலையத்தின் டைரக்டர் சமாதானம் சொன்னார். "எதுக்கும்மா வம்பு? ராமலிங்கத்துக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதிட்டு, பத்து நிமிஷம் பேசிட்டு வாயேன்."

"எங்கப்பா நல்லாத்தான் இருக்கார் சார். எழுதினது நான்."

கடையில் அப்பாவும் அதையேதான் சொன்னார். "எம்பேரு வந்தா எனக்கென்ன பெருமை? நீ சாக்கடையில நின்னு செஞ்ச வேலைல்லா அது. விடாதம்மா."

பதிப்பகத்துக்கு எழுதினாள். எங்கள் விதிப்படி குடும்பப் பெயர் கட்டாயம் என்று பதில் வந்தது.

அவள் திருப்பி எழுதினாள்: "எங்கள் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அது கிடையாது. பிழை உங்கள் விதியில். என் பெயரில் இல்லை."

பதில் இல்லை. மறுபடி எழுதினாள். மறுபடியும்... அடையாறு பிரௌசிங் சென்டரில் கனெக்‌ஷனுக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம் நானே சலித்துக்கொண்டேன். "விட்டுத் தொலையேன்டீ."

"நீ பத்திரிகையில எழுதுற பத்தி வேற ஒருத்தர் பேர்ல வந்தா நீ விட்டுடுவியா?"

அடுத்த ஈமெயிலை நானே உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தேன்.

கடைசியில் பதிப்பகம் இறங்கி வந்தது. கட்டுரைகளெல்லாம் மல்லிகாவின் பெயரில் ஒன்று சேர்ந்தன. புதியதில் தட்டினால் பழையது திறக்கிறது. அதோடு, விதியையே மாற்றினார்கள். எழுதுபவர் தன் பெயரை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே பதியலாம். குடும்பப் பெயர் இனிக் கட்டாயமில்லை. மாநாட்டுக்காரர்கள் மன்னிப்புக் கேட்டுத் தலைமை உரைக்கு அவளையே அழைத்தார்கள்.

உரை முடிந்து அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதாம். அதை அவள் அவ்வளவு பெரிதாகச் சொல்லவில்லை. பிறகு இந்தோனேஷியாவிலிருந்து வந்த ஒரு பெண் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"என் பெயர் ஒரே ஒரு சொல். கட்டத்தை நிரப்ப வேண்டுமென்று அதையே இரண்டு தடவை அச்சடிப்பார்கள். உங்களால் இப்போதுதான் ஒரு தடவை வந்திருக்கிறது."

இதைச் சொல்லும்போதுதான் மல்லிகாவுக்குக் கண் கலங்கியது.

ஒருத்தி தன் பெயருக்காகப் பிடிவாதம் பிடித்தால், எந்த ஊரில் யாருக்கெல்லாம் பெயர் கிடைக்குமோ... யார் கண்டது?