முழுக் கூறு

கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கரட்டில் மாசி வெயில் ஏறிவிட்டால் முயலுக்கு ஒளிய இடம் இருக்காது. புல் கருகியிருக்கும், பாறை கொதிக்கும், சூரைப்புதர் இலை உதிர்த்து எலும்பாக நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் சிவராத்திரி வரும், அதன் பின்னாலேயே பாரி வேட்டையும் வரும். ஊர் ஆண்கள் கம்பும் நாயுமாகக் கரட்டைச் சுற்றி வளைப்பார்கள். கிடைப்பது கொஞ்சம். அதைத் தோலுரித்து, எலும்போடு கொத்தி, ஊர்ப்பொது மந்தையில் இலை பரப்பி, வரி கொடுக்கும் தலைக்கட்டுக்கு ஒன்று என்று கூறு வைப்பார்கள். ஒரு கூறு ஒரு கைப்பிடிதான். அந்தக் கைப்பிடி வராத வீடு ஊரில் இருந்தும் ஊரில் இல்லை.

அந்த வேட்டையை நிறுத்தத்தான் திட்டம் வந்தது. வேட்டையைக் கைவிடும் வீட்டுக்கு ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி. சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் மறு வருடம் இன்னொன்று. காட்டைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஒரு காவலர். கோவில் வாசலில் எல்லா வீடும் சூடம் அடித்துச் சத்தியம் செய்தது. மாசி பிறந்ததும் அதே ஆட்கள், சாமிக்கு வேட்டை ஆடாவிட்டால் மழை பொய்க்கும் என்று கரட்டில் ஏறினார்கள். இரண்டும் ஒரே சாமிக்குக் கொடுத்த வாக்கு. சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நான் திட்டத்தை மதிப்பிடப் போனவள். மதுரையிலிருந்து காலைப் பேருந்து, தோளில் பை, பை நிறையப் படிவங்கள். கையில் தாள் வைத்திருக்கும் பெண் என்றால் அந்த ஊரில் டீச்சர்தான். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். காட்டு விலங்கின் கறி இந்த வருடம் வீட்டில் சமைத்தீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி. வீடு வீடாகக் கேட்டேன். வீடு வீடாக ‘இல்லை’. ஒருவர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “மொசலா? அது எப்படி டீச்சர் இருக்கும், காது நீளமா குட்டையா?” என்று கேட்டார். திண்ணையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். அவர் காலடியில் படுத்திருந்த நாயின் காதெல்லாம் முள் கிழித்த புதுக்காயம்.

காவலர் ஒரு பெண். என் வயதிருக்கும். புருஷன் செத்தவள், பிள்ளை இல்லை. ஆண் இல்லாத வீடு அங்கே தலைக்கட்டில் சேராது. வரியும் கேட்க மாட்டார்கள், கூறும் வைக்க மாட்டார்கள். சொந்த ஊர் ஆண்களை மறித்து நிற்கும் வேலையை எவரும் ஏற்காததால், எவரும் மதிக்காத அவளுக்கு அது கிடைத்தது. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு கரட்டைச் சுற்றினாள். வேட்டை அன்று அவள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்று ஊருக்குத் தோன்றியது. ஊர் அம்பலம், பஞ்சாயத்து பேசும் பெரியவர், அந்த வருடம் அவளுக்கும் ஒரு இலை போடச் சொன்னார்.

மத்தியானம் அவள் வீட்டில் சோறு. கதவைப் பாதி சாத்திவிட்டு, தட்டில் சோற்றைப் போட்டு, சட்டியை அப்படியே சரித்தாள். மூன்று துண்டு. மூன்றும் எனக்கு.

“சாப்புடுங்கக்கா. எனக்கு முழுக் கூறு வச்சாக. அரைக்கூறு இல்ல, முழுசு. மந்தையில வச்சு எம் பேரச் சொல்லிக் கூப்புட்டாக. அந்தப் பேரக் காதால கேட்டு எம்புட்டு வருசமாச்சு.”

முதல் கடியிலேயே என்ன கறி என்று எனக்குத் தெரிந்தது. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். அவள் சட்டியில் சோற்றைப் போட்டுத் துடைத்துத் தின்றாள். வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று அவள் கேட்கவில்லை. விருந்தாளியிடம் அப்படிக் கேட்பது அவளுக்குக் கேவலமாக இருந்திருக்கும். அவள் கேட்காததை நான் எனக்கு வசதியாக வைத்துக்கொண்டேன்.

ஊரே வேட்டையாடியது எனக்குத் தெரியும். ஆனால் ஊர் தன் வாயால் சொன்ன அத்தனை ‘இல்லை’யும் என் பையில் கிடந்தன. அவற்றுக்கு எதிராக என்னிடம் இருந்த சாட்சி என் நாக்கு ஒன்றுதான். அவள் படிவத்தில் ‘ஆம்’ போட்டேன். படிவத்தில் பெயர் கிடையாது, வீட்டு எண் மட்டும். மேற்கே கரட்டை ஒட்டிய கடைசி வீடு என்பது அந்த எண்ணைப் பார்த்த எவருக்கும் தெரியும். அறிக்கையில் எழுதினேன்: ‘காவலரின் அடுப்பில்தான் காடு வேகிறது.’ முதலில் ‘கொதிக்கிறது’ என்று இருந்தது. அடித்துவிட்டு ‘வேகிறது’ என்று மாற்றினேன். அலுவலகக் கூட்டத்தில் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார்கள். எனக்கு டீ வந்தது.

இரண்டாவது ஆட்டை நிறுத்திவைத்து, அந்த வீட்டு எண்ணைக் காரணம் காட்டி ஊருக்குக் கடிதம் போனது. ஊர் கூடியது. அம்பலம் பேசியதைப் பிறகு எனக்கு அவரே சொன்னார்: “சோறு போட்டது தப்பில்ல டீச்சர். எங்க கறியப் போட்டு எங்களயே காட்டிக்குடுத்துட்டா.” அவள் காக்கிச் சட்டையைக் கழற்றி வாங்கினார்கள். குறை களையப்பட்டது என்று பதில் கடிதம் எழுதினார்கள். ஆடுகள் வந்து இறங்கின. புதுக் காவலர் அம்பலத்தின் மருமகன். ஊரிலேயே நல்ல வேட்டை நாய் அவரிடம்தான் இருக்கிறது.

அடுத்த மாசியில் கடைசி மதிப்பீட்டுக்குப் போனேன். இந்த முறை ஒரு வீடு விடாமல் ‘இல்லை’. கடைசி வீடும் ‘இல்லை’ என்றது; அவள் வாசலில் நின்றே பதில் சொன்னாள், உள்ளே கூப்பிடவில்லை. கிளம்பும்போது மருமகன் ஒரு கேரிபேக்கை என் கையில் திணித்தார். அடியில் ரத்தம் தேங்கியிருந்தது.

“போன வருசக் கணக்குலயே, கடைசி வீட்டையும் சேத்து எல போட்டுட்டாங்கெ. ஒண்ணு மிஞ்சிப்போச்சு. இது ஒங்க கூறு டீச்சர்.”

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் விறகுக்கட்டை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தாள். பையைப் பார்த்தாள்.

“முழுக் கூறாக்கா?”

தெரியவில்லை என்றேன். கையை நீட்டி வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பையைத் திருப்பி என் மடியில் வைத்தாள்.

“முழுசுதான். எம் பேரச் சொல்லி வச்சது இல்லையே, நான் எப்படித் திங்க? வீட்டுக்குப் போன ஒடனே வதக்கிருங்க. வெயிலுக்கு நாறிப்போகும்.”

மேலூர் தாண்டும்வரை பை என் மடியில் சூடாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வதக்கினேன், அவள் சொன்னபடி. சாப்பிட்டேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் கைப்பக்குவம் மட்டும் வரவில்லை.