மண்ணூர்பேட்டையில் ரத்தான ஆர்டர்: கரையான்சாவடி வரை ஓர் ஆட்டோ பயணம்

கரையான்சாவடிக்கு நான் முதன்முதலாகப் போனது தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு பித்தளை வார்ப்புப் பட்டறையைத் தேடி. மண்ணூர்பேட்டையில் ஒரு பம்பு தொழிற்சாலைக்கு எங்கள் நிர்வாக மென்பொருளைப் பொருத்திக்கொண்டிருந்தோம். கொள்முதல் ஆர்டரை ரத்து செய்தால் சரியாக ரத்தாகிறதா என்று பார்ப்பது என் வேலை. நடப்பு ஆர்டர் ஒன்றின் நகலை எடுத்து ரத்து செய்தேன். பிரிண்டர் சப்ளையருக்கான ரத்துக் கடிதத்தை அடிக்க, நான் சாப்பிடப் போனேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிரிண்டரில் சப்ளையர் பெயரோடு எந்தத் தாள் வந்தாலும், மதிய வேன் டிரைவர் யாரையும் கேட்காமல் கிழித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் திரும்பியபோது தாள் இல்லை. வேனும் இல்லை.

எந்த ஆர்டர் என்று சொன்னதும் ஸ்டோர் பொறுப்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அந்தோணி அண்ணன் பட்டறைக்கா போச்சு? கேன்சல்னா வார்த்ததெல்லாம் திரும்ப உருக்கிடுவாரும்மா. நாளைக்கு அந்த உருப்படி வரலன்னா நம்ம லைன் நிக்கும்!"

பட்டறையில் போன் கிடையாது. ஆட்டோ பிடித்தேன். அத்திப்பட்டு, அயனம்பாக்கம், வானகரம் வழியாகப் பதின்மூன்று கிலோமீட்டர், எண்பது ரூபாய்.

"இன்னா மேடம், ஊட்ல யாருக்குனா சீரியஸா?" என்றார் டிரைவர்.

"ஒரு ஆர்டரைத் தப்பா கேன்சல் பண்ணிட்டேன். அதை நிறுத்தணும்."

"அத்த நிறுத்தறதுக்கா இம்மாம் வேகம்? கெட்டியா புட்சிக்கோ."

வேலப்பன்சாவடியில் லாரிகள் வழிமறித்து நின்றன. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பட்டறையில் உலை எரிந்துகொண்டிருந்தது. அந்தோணி இடுக்கியால் ஓர் உருப்படியைத் தூக்கியிருந்தார். பக்கத்துத் தட்டில் மற்றவை வரிசையாகக் காத்திருந்தன.

"போடாதீங்கண்ணே! ஆர்டர் கேன்சல் இல்ல!"

அவர் இடுக்கியை இறக்கவில்லை. "ஆர்டர் குடுக்க ஒருத்தனும் நேர்ல வந்ததில்ல. கேன்சல் இல்லன்னு சொல்ல ஆட்டோல ஆள் வந்துகீது. பேப்பர்ல வந்தத வாயால எப்டிம்மா திருப்பறது?"

அதே கடிதத்தின் பின்பக்கத்தில், 'இந்த ரத்து செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அந்த அதிகாரம் இல்லை.

"யாரு நீ, கம்பெனி மேனேஜரா?"

"இல்லண்ணே. கேன்சல் பண்ணது நான்தான்."

அவர் உருப்படியைத் தட்டில் வைத்தார். "மூணு உள்ள போயிட்ச்சு. மறுபடி வார்த்துத் தரேன்னு சொல்லு."

இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு: மதியம் வேலப்பன்சாவடியில் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மென்பொருளைச் சோதிக்கிறவர்களுக்கு: கற்பனைப் பெயர்களை வைத்துச் சோதியுங்கள். ஒருமுறை ரத்தான ஆர்டரை மீட்க எங்கள் மென்பொருளில் வழியே இல்லை என்பதை அந்த உலையருகே நின்றபோதுதான் உணர்ந்தேன். மறுநாள் குறை அறிக்கையில், 'சோதனை நடந்த இடம்' என்ற கட்டத்தில் கரையான்சாவடி என்று எழுதினேன்.