மச்சினன் ஏற்றிவிட்ட ஆப்

என் மனைவியின் தம்பிக்கு உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரே மருந்துதான். "அத்தான், அதுக்கு ஒரு ஆப் இருக்கு." கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரரின் போனை வாங்கி இரண்டு ஆப்பாவது ஏற்றிவிட்டுத்தான் இலையை மூடுவான். தென்காசியில் பத்திரம் எழுதும் கடை ஒன்றில் வேலை. அங்கே ஜனங்கள் மூலப் பத்திரம், வில்லங்கம் என்று காகிதக் கட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். இவன் அவர்களுக்குத் தூக்கத்தை அளக்கிற ஆப்பைச் சொல்லிக்கொண்டிருப்பான். வில்லங்க நிலத்தை வாங்கினவனுக்குத் தூக்கம் வந்தால்தானே அளப்பதற்கு?

ஒருமுறை என் போனில் திசை காட்டும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். மேலகரத்தில் என் வீட்டு வாசலில் நின்றால் எதிரே மேற்கு மலை. இங்கே பிறந்தவன் எவனும் மேற்கைத் தேடியதில்லை. ஆனி மாதம் சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது, கண்ணாடித் திரையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்து, "இப்ப மழை இல்லையாம் அத்தான்" என்றவனும் இவன்தான். குற்றாலத்தில் நடந்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் குளித்துவிட்டு வந்து தலை துவட்டுகிறோம். பைக்குள் இவன் போன் கூவியது. தண்ணீர் குடிக்கும் நேரமாம். மூக்கிலும் வாயிலும் அருவித் தண்ணீர் போய் இருமிக்கொண்டிருந்தவன், கடைக்குப் போய் ஒரு பாட்டில் தண்ணீர் காசு கொடுத்து வாங்கிக் குடித்தான். படித்த முட்டாளைத் திருத்த அந்த ஆண்டவனாலும் ஆகாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இப்படிப்பட்டவனிடம்தான் என் அக்காவின் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா இலத்தூரில் தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. கொஞ்சம் நெல் வயல், ஒரே மகன். மகன் பட்டாளத்தில். அந்த ஆடியில் லீவில் வந்திருந்தவனிடம் அக்கா கல்யாணப் பேச்சை எடுத்தாள். பெண் வேறு யாருமில்லை, என் மகள்தான். தம்பி மகள் முறைப்பெண். அவள் பிறந்த அன்றைக்கே மருமகள் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். அவனோ, "கூடப் பொறந்தவ மாதிரி வளந்தவளை எப்படிம்மா கட்டுவேன்?" என்று சொல்லிவிட்டான். என் மகளுக்கும் அதே எண்ணந்தான். பிள்ளைகள் தெளிவாகத்தான் இருந்தார்கள். அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. அவன் பெட்டியைத் தூக்கும்போது, "இனிமே எனக்குப் போன் பண்ணாத. நான் செத்தாலும் வராத" என்று வாசலில் நின்று சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். என் முகத்தில் விழிக்கவும் கூச்சம் போல, என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அவன் போன கையோடு அக்காவுக்கு வேறொரு இம்சை. கடன் வேணுமா, பிளாட் வேணுமா என்று நாளெல்லாம் போன். போன் அடித்தால் மகனோ என்று வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவருவாள். எடுத்தால் எவளோ ஒருத்தி இந்தியில் பேசுவாள். உடனே என்னைக் கூப்பிட்டுப் புலம்புவாள். "ஏலே, என்னத்தையோ பேசுதா, ஒண்ணும் வெளங்கல. இதுக்கு ஒரு வழி பண்ணுலே." தினமும் நாலைந்து தடவை இந்தப் பாட்டு. எனக்கு அலுத்துவிட்டது. போனை வாங்கிக்கொண்டு மச்சினனிடம் போனேன்.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கூப்பிட்ட மாதிரி மலர்ந்துவிட்டான். தொல்லை அழைப்புகளைத் தடுக்கும் ஆப் ஒன்றை ஏற்றினான். ஏற்றும்போது அது ஏதோ கேட்டது.

"காண்டாக்ட்ல இல்லாத நம்பர் எல்லாத்தையும் தடுக்கவான்னு கேக்குது அத்தான். இது வேண்டாம்னு நெனைக்கேன். போன் அடிக்கவே அடிக்காது. மைனிக்கு யாராவது புது நம்பர்ல இருந்து கூப்பிட்டா?"

"அவளுக்கு எவன் கூப்பிடப் போறான்? எல்லாத்தையும் அடைச்சுப் போடுலே மாப்ள" என்றேன்.

வாழ்க்கையில் அவன் ஒரு ஆப்பைப் பற்றி யோசித்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு என் பேச்சைக் கேட்டான்.

அக்காவின் போன் அமைதியாகிவிட்டது. ஆவணி போனது. மகனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வீம்பைக் கீழே வைத்துவிட்டு அவளே அவன் நம்பருக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே வந்தது. செங்கோட்டையில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கேட்டேன். "மலைமேல காவல் போஸ்ட்ல போட்டிருப்பாங்க. சொந்த போனுக்கு சிக்னல் கெடைக்காது. பயப்படாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவ அங்க உள்ள போன்ல வீட்டுக்குப் பேச விடுவாங்களே" என்றார். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். "அப்ப பேச வழி இருக்கு. அவன்தான் பேசல" என்றாள். அன்றிலிருந்து சாப்பாடு பாதியாகிவிட்டது. ஊர் உலகத்தில் எல்லாத் தாயும் கோபத்தில் சொல்கிற சொல்தான். தன் பிள்ளை மட்டும் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. எனக்கும் அவன்மேல் ஆத்திரம். திமிர் பிடித்த பயல் என்று திட்டினேன். அக்கா முன்னாலேயே திட்டினேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினனும் நானும் இலத்தூர் போயிருந்தோம். போனில் குப்பையை அள்ள ஒரு புது ஆப் வந்திருக்கிறதாம். கேட்காமலேயே அக்காவின் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான். "மைனி, இந்தப் பாருங்க, எத்தன கால்ஸத் தடுத்திருக்கு! நான் போட்ட ஆப்னா ஆப்தான்" என்று பெருமையாகத் திரையைக் காட்டினான்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கண்ட நேரத்தில் வந்த கடன்கார நம்பர்களுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பகல் பதினொரு மணியை ஒட்டி மூன்று அழைப்பு, நான்கு அழைப்பு. நம்பர்கள் வேறு வேறு. ஞாயிறு தவறவில்லை.

"ஏலே, இது என் புள்ளலே" என்றாள்.

பிறகு அவள் கவனித்ததை நானும் கவனித்தேன். கடைசி இரண்டு ஞாயிறுகளில் மட்டும் எதுவும் இல்லை.

ஒவ்வொரு நம்பராகத் திருப்பிப் போட்டோம். நாலாவது நம்பரை அந்தப் போஸ்டில் இருந்த ஒரு மலையாளத்துப் பையன் எடுத்தான். மலையாளத்துக்காரர்கள் வரும் செங்கோட்டைச் சந்தைக்குப் போய்வந்த பழக்கத்தில் அக்காவுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் பிடிபடும். "மோனே, என் மகனைக் கூப்பிடு" என்று பெயரைச் சொல்லி அழுதாள். மச்சினன் அந்த அடைப்பை எடுத்துவிட்டான்; ஒரு மணி நேரத்தில் மகனே கூப்பிட்டுப் பேசினான். ஸ்பீக்கரில் போட்டு நான்தான் போனைப் பிடித்திருந்தேன்.

"நீ எடுக்க மாட்டேன்னு வைராக்கியமா இருக்கேன்னு நெனச்சேம்மா. பொறவு உன்னத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன். தீபாவளிக்கு எனக்குத்தான் லீவு வந்துச்சு. வந்தாலும் நீ உள்ள விடமாட்டேன்னு, இங்க ஒருத்தனுக்கு விட்டுக் குடுத்துட்டேன். இனி அடுத்த வருசந்தான்."

பேசி முடித்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"யாருலே என் போன இப்படி அடைச்சு வச்சது?"

"இவன்தான்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. இத்தனை வருஷம் அவனை ஏளனமாகவே பார்த்துப் பழகிய வாய்.

மச்சினன் என்னைப் பார்த்தான். அவன் சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். அவன் என் அக்கா பக்கம் திரும்பி, "ஆமா மைனி. எம்மேலதான் தப்பு" என்றான்.

திரும்பி வரும்போது அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மேலகரம் வரைக்கும் அவன் கேட்பான் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதற்கப்புறம் அவன் யாருக்கும் எந்த ஆப்பையும் சொல்லி நான் பார்க்கவில்லை. அவனை இளக்காரமாகப் பார்க்க எனக்கிருந்த காரணமும் போயிற்று. ஆனாலும் அவனைக் கண்டால் எனக்கு ஆவதில்லை; முன்னைவிட அதிகமாகவே ஆவதில்லை.

இப்போதும் இலத்தூருக்குச் சேர்ந்துதான் போகிறோம். அக்கா எனக்கு மட்டும் காப்பி கொண்டுவந்து வைப்பாள். அவன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் குடித்துவிடுகிறேன்.